சொந்த வீட்டுப் புத்தகத்தை எண்ணிப் பார்த்த சிஸ்டர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெரிய வெள்ளிக்கிழமை என்றால் கூட்டம் இரண்டு திசையில் போகும். ஒன்று சிலுவைப் பாதைக்கு. இன்னொன்று இசிப்பிங்கோ ரயில் என்ற பகுதியின் மாரியம்மன் கோயிலுக்கு: கஞ்சிப் பானை, வேப்பிலை, பால் செம்பு, தேங்காய். அம்மனுக்கும் ஈஸ்டருக்கும் எந்தப் புராணத்திலும் சம்பந்தம் கிடையாது. ஆடி மாதம் என்று கேட்டால் கரும்புத் தோட்டத்தில் லீவு கிடைக்காது, ஈஸ்டருக்குக் கிடைக்கும். கிடைத்த லீவுக்குள் அம்மனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள் நம் முன்னோர். தோட்டம் போய் ஃபேக்டரி வந்து, அதுவும் போன பிறகும் அம்மன் அந்த நாளை விடவில்லை.

அதே நாளில் கத்தோலிக்கக் கோயில்களில் நீண்ட மன்றாட்டு வரிசை ஒன்று சொல்லப்படும். திருச்சபைக்காக, குருக்களுக்காக, ஆள்பவர்களுக்காக என்று போகும் அந்த வரிசையில் யூதர்களுக்கும் ஒரு மன்றாட்டு உண்டு. 1959 வரை இலத்தீனில் அது ‘பெர்ஃபிதிஸ்’ என்ற அடைமொழியோடுதான் வரும். ஆதியில் அதற்கு ‘விசுவாசம் இல்லாத’ என்று மட்டுமே பொருள் என வாதிடுவோர் உண்டு. ஆனால் ஐரோப்பியர் காதில் அது ‘துரோகி’ என்றே விழுந்தது. மற்ற மன்றாட்டுகளுக்கு முழங்காலிடும் சபை, நூற்றாண்டுகளாக இதற்கு மட்டும் முழங்காலிடாமல் நின்றது; அந்த வேறுபாடு நீங்கியதே 1955இல்தான். நான்கு ஆண்டு கழித்து, திருத்தந்தை 23ஆம் யோவான் அந்த அடைமொழியையும் எடுத்துவிட்டார்.

வழிபாட்டு நூலிலிருந்து ஒரு சொல்லை எடுக்கத் திருத்தந்தையின் ஒரு வார்த்தை போதும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், பள்ளிக்கூடத்தில், பத்து வயதுப் பிள்ளையின் கையில் இருக்கும் பாடப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்ப்பது? அமெரிக்காவில் ஒரு டொமினிக்கன் கன்னியாஸ்திரி பார்த்தார். பெயர் ரோஸ் தெரிங். சமய நல்லிணக்கம் என்றதும் நமக்கு மேடையும் பொன்னாடையும் நாலு மதத்தார் கைகோத்து நிற்கும் போட்டோவும் நினைவுக்கு வருகின்றன. இவர் செய்தது கணக்கர் வேலை. டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்துத் தமிழர்களுக்கு அந்த வேலையின் நுணுக்கம் இப்போதும் பயன்படும்.

பால் பண்ணையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

ரோஸ் தெரிங் 1920 ஆகஸ்ட் 9 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் பிளெய்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஜெர்மானிய வம்சாவளிக் கத்தோலிக்கப் பண்ணைக் குடும்பம். பிள்ளைகள் பதினொரு பேர். அந்த ஊரில் யூதரைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பே அரிது. ஆனாலும் யூதர் என்றால் இயேசுவைக் கொன்றவர் என்ற பாடம் மட்டும் வீட்டிலும் மறைக்கல்வி வகுப்பிலும் தவறாமல் கிடைத்தது. ஆளே இல்லாத இடத்தில் ஆளைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் எப்படி வந்து சேர்கிறது? புத்தகம் வழியாகத்தான்.

16 வயதில் ரசீன் நகரின் டொமினிக்கன் சகோதரிகள் சபையில் சேர்ந்தார். பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கொடுத்த புத்தகங்களைத் தானே ஊன்றிப் படிக்கையில் உறுத்தல் வலுத்தது. அதை மனத்தாங்கலாக வைத்துக்கொள்ளாமல் முனைவர் பட்ட ஆய்வாக மாற்றினார். இடம், இயேசு சபையினர் நடத்தும் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். வழிநடத்தியவர் டிராஃபர்ட் மாஹர் என்ற இயேசு சபைக் குரு. ஆய்வேடு 1961இல் முடிந்தது.

அவர் தனியாக இல்லை. ரீட்டா மட் என்ற சகோதரி சமூகவியல் பாடநூல்களையும், மேரி லைனஸ் கிளீசன் என்ற சகோதரி இலக்கியப் பாடநூல்களையும் எடுத்துக்கொண்டார்கள். தெரிங் எடுத்தது மறைக்கல்வி நூல்கள். இந்த முயற்சிக்குத் தூண்டுதலாக இருந்தது அமெரிக்க யூதக் குழு என்ற அமைப்பு. அதே காலத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ஹார்ட் ஓல்சன் புராட்டஸ்டண்ட் பாடநூல்களை ஆராய்ந்தார். டிராப்ஸி கல்லூரியில் யூதப் பாடநூல்கள் ஆராயப்பட்டன. இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் கவனிக்கத்தக்கது. கத்தோலிக்க நூலைக் கத்தோலிக்கர் பார்ப்பார், யூத நூலை யூதர் பார்ப்பார். அடுத்த வீட்டுக் குப்பையை எண்ண யாருக்கும் அனுமதி இல்லை.

யூதர் ஒருவர் வந்து ‘உங்கள் புத்தகத்தில் எங்களை இழிவுபடுத்துகிறீர்கள்’ என்று சொல்லியிருந்தால் ஆயர்கள் அதை வெளியார் குற்றச்சாட்டாகக் கருதிப் பதில் தயாரித்திருப்பார்கள். துறவற உடையில் இருந்த பெண், அவர்கள் பல்கலைக்கழகத்திலேயே, அவர்கள் அச்சிட்ட நூலின் பக்க எண்ணோடு எழுதினால் என்ன பதில் தயாரிப்பது?

எதை எண்ணினார்கள்

அன்றைய பாடநூல் ஆய்வுகளில் இரண்டு அளவைகள் அடிப்படை. ஒன்று, பிறரைப் பற்றிய பேச்சு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது. இன்னொன்று, அந்தப் பேச்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. எளிமைப்படுத்திய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு புத்தகத்தில் 120 பாடப் பகுதிகள். அவற்றில் 30இல் ஒரு குறிப்பிட்ட சமயத்தார் வருகிறார்கள். அப்படியானால் இடம் 25 விழுக்காடு. அந்த 30இல் நல்லவிதமாகப் பேசுபவை 18, கெட்டவிதமாக 6, இரண்டும் இல்லாதவை 6. 18இல் 6 கழித்து 30ஆல் வகுத்தால் சாய்வு, நல்ல பக்கம் 40 விழுக்காடு. பதிப்பாளர் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்.

அங்கேதான் தவறு நடக்கும். அந்த 30 பகுதிகளையும் பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், 6 வசையும் ஒரே பொருளில், வெறும் 7 பகுதிகளுக்குள் குவிந்திருக்கலாம். அந்த ஏழில் மிச்சம் ஒன்றுதான் நல்லவிதம் என்றால், அந்தப் பொருளில் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கும்போது 1இல் 6 கழித்து 7ஆல் வகுக்க, கெட்ட பக்கம் 71 விழுக்காடு. பிள்ளை மனத்தில் எது தங்கும்? சராசரி தங்காது. கதையின் உச்சக்கட்டம் எந்தப் பகுதியில் வருகிறதோ அதுதான் தங்கும்.

தெரிங் கண்டதும் இதே போன்ற குவிதலைத்தான். யூதர் மீதான வசை நூல் முழுக்கச் சீராகப் பரவியிருக்கவில்லை. யூதர் இயேசுவை ஏற்க மறுத்தது, சிலுவைச் சாவு ஆகிய இரண்டு கட்டங்களைச் சுற்றியே அது அதிகம் அடர்ந்திருந்தது. அதாவது பெரிய வெள்ளிக்கிழமைப் பாடத்தில்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பெயர் சொல்லாமல் விடும் தந்திரம். மரியாள் யூதப் பெண், பேதுரு யூதர், பன்னிரு திருத்தூதரும் யூதர். பாடத்தில் அவர்கள் வெறும் ‘மரியாள்’, ‘பேதுரு’. எதிர்த்துக் கூச்சலிட்ட கூட்டம் மட்டும் ‘யூதர்கள்’. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே பொய் இல்லை; மொத்தம் பொய்யாகிவிடுகிறது. நல்லவருக்கு ஊர்ப்பெயர் இல்லை, கெட்டவருக்கு மட்டும் சாதிப்பெயர் உண்டு என்று நம் ஊர்ப் பேச்சில் நடப்பது இதுவேதான்.

மூலநூலையே எடுத்துப் படித்தாலும் சிக்கல் தீராது. யோவான் நற்செய்தியில் ‘யூதர்கள்’ என்ற சொல் சுமார் 70 இடங்களில் வருகிறது. மற்ற மூன்று நற்செய்திகளில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நற்செய்தியைத் திருத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே பாடநூல் எழுதுபவரின் சொந்தக் குரல் எது, மேற்கோள் எது என்று பிரித்து எண்ண வேண்டும். மேற்கோளுக்கு அடியில் விளக்கம் கொடுத்திருக்கிறதா என்பதைத் தனியாகக் குறிக்க வேண்டும். இதைப் பிரிக்காமல் எண்ணினால், ‘வேதத்தையே குறை சொல்கிறீர்களா’ என்ற ஒரே கேள்வியில் ஆய்வு முழுதும் கவிழ்ந்துவிடும்.

உரோமைக்குப் போன தாள்கள்

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் உரோமையில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 அக்டோபர் 11 அன்று தொடங்கி 1965 டிசம்பர் 8 அன்று முடிந்தது. யூதர்களைப் பற்றி ஓர் ஆவணம் வரையும் பொறுப்பு ஜெர்மானியக் கர்தினால் அகுஸ்தீன் பெயாவிடம் இருந்தது. பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர் ஜூல் ஐசக் 1960 ஜூனில் திருத்தந்தையை நேரில் பார்த்துக் கேட்டதன் விளைவு அது. அமெரிக்க யூதக் குழு 1961இல் கத்தோலிக்கப் போதனையில் யூதர் எப்படிக் காட்டப்படுகிறார் என்று ஒரு மனு தயாரித்துப் பெயாவிடம் கொடுத்தது. அதன் எலும்பும் சதையும் செயின்ட் லூயிஸ் சகோதரிகளின் ஆய்வுகள்.

சங்க மண்டபத்துக்குள் பெண்களுக்கு இடம் இல்லை. 1964இல், மூன்றாம் அமர்வில்தான் பெண் பார்வையாளர் சிலரை விட்டார்கள். அவர்களுக்கும் பேச்சுரிமை இல்லை. தெரிங் அந்த மண்டபத்தில் உட்காரவில்லை. அவர் எண்ணிய பக்கங்கள் போயின.

1965 அக்டோபர் 28 அன்று 2,221 ஆதரவு வாக்குகளோடும் 88 எதிர்வாக்குகளோடும் ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ என்ற அறிக்கை நிறைவேறியது. சங்கத்தின் 16 ஆவணங்களில் மிகச் சிறியது. இயேசுவின் பாடுகளுக்கு அன்றைய யூதர் எல்லார் மீதும் வேறுபாடில்லாமல் பழி போட முடியாது, இன்றைய யூதர் மீது போடவே முடியாது என்று அதன் 4ஆம் பகுதி சொல்கிறது. மறைக்கல்வியிலும் மறையுரையிலும் இதற்கு மாறாகப் போதிக்கக் கூடாது என்றும் அதே பகுதி சேர்த்துச் சொல்கிறது. பாடநூல் ஆய்வின் கைரேகை இந்த இடத்தில் தெளிவாகத் தெரியும். இறையியல் அறிக்கை ஒன்று வகுப்பறை வரை இறங்கி வந்து கட்டளை போடுவது வழக்கமில்லை.

நமக்கு நெருக்கமானது 2ஆம் பகுதி. ஆவணம் தொடக்கத்தில் யூதர்களுக்கு மட்டுமானது. அரபு நாடுகளில் வாழும் கிறிஸ்தவர்களுக்கு இடைஞ்சல் வரும் என்று கீழைத் திருச்சபைத் தலைவர்கள் அஞ்சினார்கள். இஸ்லாமையும் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. ஆசிய ஆயர்கள் எங்கள் அண்டை வீட்டாரை மறந்தீர்களே என்றார்கள். அப்படித்தான் இந்து சமயமும் பௌத்தமும் உள்ளே வந்தன. இந்துக்கள் வற்றாத புராணங்கள் வழியாகவும் கூரிய தத்துவ விசாரணை வழியாகவும் தெய்வ மறைபொருளைத் தேடுகிறார்கள் என்றும், அச்சமயங்களில் உள்ள உண்மையானதும் புனிதமானதுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்றும் அந்தப் பகுதி கூறுகிறது. யூதர்களுக்காக உழைத்தவர்கள் திறந்த கதவு வழியாக, கேட்காமலே, மாரியம்மன் கோயில்காரனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. டர்பன் பேராயர் டெனிஸ் ஹர்லி அந்தச் சங்கத்தில் முனைப்பாகப் பங்கெடுத்தவர்.

தெரிங் 1968இல் நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே யூத-கிறிஸ்தவ ஆய்வு நிறுவனத்தை நடத்தியவர் யான் ஓஸ்டர்ரைகர். யூதராகப் பிறந்து கத்தோலிக்கக் குருவானவர், 4ஆம் பகுதியின் வரைவில் கைவைத்தவர்களில் ஒருவர். தெரிங்கின் வேலை ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ஆய்வின் கண்டுபிடிப்புகள் பொதுவாசகர் கைக்கு நூலாக வந்தது 1973இல்தான், அதுவும் ஜான் பவ்லிகோவ்ஸ்கி என்ற குரு எழுதித்தான். ஆய்வு முடிந்து பன்னிரண்டு ஆண்டு. நியூ ஜெர்சிப் பள்ளிகளில் யூத இனப்படுகொலையையும் பிற இனப்படுகொலைகளையும் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்ற சட்டம் 1994இல் வந்தது; அதற்காக உழைத்தவர்களில் இவரும் ஒருவர். கழுத்தில் சிலுவையும் தாவீதின் நட்சத்திரமும் ஒன்றாகப் பிணைந்த பதக்கம். 1986இல் கூர்ட் வால்தைம் ஆஸ்திரிய அதிபராகப் பதவியேற்றபோது வியன்னாவுக்கே போய் எதிர்ப்புத் தெரிவித்தார். 2006 மே 6 அன்று, 85 வயதில், ரசீன் மடத்தில் காலமானார்.

அவரை அப்படியே பூசை அறையில் மாட்டிவிட முடியாது. யூத மக்களின் கண்ணியத்தையும் இஸ்ரேல் அரசின் ஆதரவையும் அவர் ஏறக்குறைய ஒன்றாகவே பார்த்தார். இஸ்ரேலை ஆதரிக்கும் கிறிஸ்தவத் தலைவர்களின் அமைப்பு ஒன்றுக்கு நிர்வாகியாக இருந்தார், அந்நாட்டுக்கு ஐம்பது தடவைக்கு மேல் போய்வந்தார். பாலஸ்தீனக் கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகியோருக்கான இடம் அவர் கணக்கில் சிறுத்துப் போயிற்று. 2023 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் இஸ்ரேல் மீது வழக்குப் போட்ட நாட்டில் வாழும் நாம், டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில் முஸ்லிம் கடைக்காரரோடு மூன்று தலைமுறை கொடுக்கல் வாங்கல் உள்ள நாம், இதைச் சொல்லாமல் அவரைப் பாராட்ட முடியாது. ஒரு சமூகத்தின் மீதான பொய்யை எண்ணிய அதே கண், இன்னொரு சமூகத்தைப் பாடத்தில் விட்டுவிடுவதும் ஒரு குறை என்று அவருடைய முறையே சொல்லும்.

‘நீங்க தமிழா, கிறிஸ்டியனா?’

தென்னாப்பிரிக்காவில் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி இது. இங்கே ‘தமிழ்’ என்பது மொழியைவிட முதலில் மதத்தின் பெயர். வீட்டில் ஒரு சொல் தமிழ் பேசாதவரும், புரட்டாசிக்கு ஒரு மாதம் கறி சாப்பிடாவிட்டால் ‘தமிழ்’. அழகாகத் தமிழ்ப் பாடல் பாடும் பெந்தெகோஸ்தேக்காரர் ‘கிறிஸ்டியன்’. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் வந்த முதல் கப்பலான ட்ரூரோவிலேயே கிறிஸ்தவத் தமிழர் இருந்தார்கள். அவர்களுக்காகவே சபோன் என்ற பிரெஞ்சுக் குரு தமிழ் கற்றுக்கொண்டார். ஆனாலும் பேச்சுவழக்கு அவர்களைத் தமிழிலிருந்து வெளியே நிறுத்திவிட்டது. பெயர் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் பற்றி மேலே பார்த்தது நம் வாயிலேயே இப்படி நடக்கிறது.

1930களிலிருந்து பெத்தேஸ்தா போன்ற பெந்தெகோஸ்தே சபைகள் நேட்டால் தமிழ், தெலுங்கு வீடுகளுக்குள் வளர்ந்தன. டர்பனின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அண்ணன் கோயில் கமிட்டி, தம்பி சபைப் போதகர் என்ற வீடுகள் உண்டு. உரசல் தத்துவத்தில் வருவதில்லை. அப்பா இறந்தால் மூத்தவன் கொள்ளி வைப்பானா, வைத்தாலும் பதினாறாம் நாள் உட்காருவானா, காமாட்சி விளக்கை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது, மருமகள் பிரசாதத்தை வாங்கி வாயில் போடுவாளா, வாங்கி ஓரமாக வைப்பாளா. இந்த இடங்களில்தான் ‘அது பேய்க்குப் படைத்தது’ என்ற சொல்லும் ‘ரொட்டிக்கு மாறினவன்’ என்ற சொல்லும் வெளியே வருகின்றன. இரண்டு சொல்லும் யாரோ எங்கோ கற்றுக்கொடுத்ததுதான்.

பள்ளிக்கூடத்தின் நிலை 2003இல் மாறியது. கல்வி அமைச்சர் காதர் அஸ்மல் காலத்தில் வந்த சமயமும் கல்வியும் பற்றிய தேசியக் கொள்கை மூன்றைப் பிரித்து வைத்தது: பல சமயங்களைப் பற்றிப் பாடமாகக் கற்பது, ஒரு சமயத்துக்குள் பிள்ளையை வளர்ப்பது, வழிபாடு நடத்துவது. முதலாவது எல்லாப் பிள்ளைக்கும் உரிய பாடம். இரண்டாவது அரசுப் பள்ளியின் பாடவேளைக்குள் வராது. வீடும் கோயிலும் சபையும் பார்த்துக்கொள்ள வேண்டியது. மூன்றாவது நடக்கலாம், ஆனால் கட்டாயம் இருக்கக் கூடாது, ஒரே சமயத்துக்குச் சாயக் கூடாது. 7ஆம் வகுப்பு முதல் 12 வரை லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கை வழிகாட்டல் பாடத்தில் இந்த முதலாவது வகை வருகிறது. ஆகவே சாட்ஸ்வொர்த் பிள்ளைக்கு மாரியம்மனைப் பற்றி அரசாங்கப் புத்தகம் என்ன சொல்கிறது என்பது இப்போது எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயம்.

வழக்கமாகக் கண்ணில் படும் குறை வசை அல்ல. கட்டம் போட்ட அட்டவணை. சமயம், நிறுவனர், புனித நூல், வழிபாட்டிடம், சின்னம். கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாமுக்கும் கச்சிதமாகப் பொருந்தும் கட்டங்கள். இந்து என்ற வரியில் நிறுவனர் கட்டம் காலி, நூல் என்ற இடத்தில் வேதம். கஞ்சி ஊற்றுவது, தீமிதி, கரகம், காவடி, புரட்டாசி விரதம் எதற்கும் கட்டம் கிடையாது. நேட்டால் தமிழன் தன் சமயத்தைத் தன் பாடத்தில் தேடினால் கிடைக்காது.

இது வெறும் மனக்குறை என்று தள்ளிவிட முடியாது. டர்பனில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் வம்சாவளி மாணவி மூக்குத்தி போட்டு வந்ததால் எழுந்த, அவர் குடும்பப் பெயரால் ‘பிள்ளை வழக்கு’ எனப்படும் வழக்கு 2007 அக்டோபர் 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தில் முடிந்தது. மூக்குத்தி இந்து சமயத்தில் கட்டாயமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. கட்டாயம் இல்லைதான். தலைமை நீதிபதி பியுஸ் லாங்கா எழுதிய தீர்ப்பு, விரும்பி ஏற்கும் வழக்கத்துக்கும் கட்டாய வழக்கத்துக்கு இணையான பாதுகாப்பு உண்டு என்றது. அந்த மாணவியின் விஷயத்தில் சமயமும் பண்பாடும் பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கின்றன என்றும் கண்டது. கட்டம் போட்ட அட்டவணையில் படித்த பள்ளி நிர்வாகிக்கு ‘எந்த நூலில் எழுதியிருக்கிறது?’ என்ற கேள்விதான் முதலில் தோன்றும்.

இதே வேலையை இங்கே செய்தால்

முதல் விதி செயின்ட் லூயிஸ் விதி. கோயில்காரர்கள் தங்கள் ஞாயிறு வகுப்பு ஏட்டை எடுக்கட்டும். சபையார் தங்கள் சிறுவர் ஊழியப் புத்தகத்தை. அரசுப் பாடநூல் பொதுச் சொத்து, யாரும் எடுக்கலாம். தன் ஏட்டை எண்ணாதவர் அடுத்தவர் ஏட்டைப் பற்றி எழுதும் கடிதத்தை யாரும் மதிப்பதில்லை, மதிக்கவும் வேண்டியதில்லை.

அளவு அலகை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். வாக்கியத்தை அலகாக வைத்தால் வேலை பெருகும், பத்தியை வைத்தால் வசையும் புகழும் ஒரே அலகில் கலந்துவிடும். 150 பக்கப் புத்தகத்துக்குப் பத்திதான் நடைமுறை; கலந்த பத்திக்கு ‘கலப்பு’ என்று தனி வகை வைத்தால் போதும். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரி: பக்கம், யாரைப் பற்றி, எந்தப் பொருளில், சாய்வு, நூலின் குரலா மேற்கோளா, படம் உண்டா. படத்தை மறக்கக் கூடாது. கிறிஸ்தவப் பக்கத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் சிரிக்கும் போட்டோ, இந்துப் பக்கத்தில் எங்கோ வாரணாசிச் சாமியார் என்றால் அதுவும் ஒரு சாய்வு.

இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். முதலில் ஒரே 20 பத்திகளை இருவரும் பேசிக்கொள்ளாமல் வகைப்படுத்திப் பார்க்கட்டும். 16க்குக் குறைவாக ஒத்துப்போனால் தவறு ஆளிடம் இல்லை, வகைக்குக் கொடுத்த விளக்கத்தில் இருக்கிறது. விளக்கத்தைத் திருத்திவிட்டு வேறு 20 பத்திகளில் தொடங்க வேண்டும். முடிந்தால் இருவரில் ஒருவர் பேசப்படும் சமயத்தவராக இருப்பது நல்லது. ஆனால் அவர் மட்டும் எண்ணினால் வேலை கெட்டுவிடும். புண்பட்டவருக்கு ‘சாதா’ வாக்கியமும் வசையாகத் தெரியும்.

வினைச்சொல்லைத் தனியாகப் பார்க்க வேண்டும். ‘இயேசு உயிர்த்தெழுந்தார்’, ‘இந்துக்கள் முருகன் சூரனை வென்றதாக நம்புகிறார்கள்’ என்று ஒரே பக்கத்தில் வந்தால், ஒன்று நடந்தது, இன்னொன்று நம்பிக்கை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் ‘நம்புகிறார்கள்’ போட்டால் தீர்ந்தது. இந்த ஒரு திருத்தத்துக்குப் பதிப்பாளர் எவரும் சண்டைக்கு வருவதில்லை.

அனுப்பும் கடிதத்தில் ‘மனம் புண்பட்டது’ என்பதைவிடப் பக்க எண்ணும் மாற்று வாக்கியமும் வேலை செய்யும். ‘இந்துக்கள் சிலைகளை வணங்குகிறார்கள்’ என்று இருந்தால், அதே நீளத்துக்கு நெருக்கமாக, ‘கோயில் மூர்த்தியில் தெய்வம் எழுந்தருளியிருப்பதாகக் கொண்டு இந்துக்கள் வணங்குகிறார்கள்; மாரியம்மன் கோயில்களில் கரகத்திலும் வேம்பிலும் அம்மன் இறங்குவாள்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்று வாக்கியம் கொடுக்காத இடத்தில் பதிப்பாளர் செய்யும் சுலபமான காரியம், அந்தப் பத்தியையே எடுத்துவிடுவது. வசை போன இடத்தில் மௌனம் வந்து உட்காரும். பிள்ளைக்கு அதனால் என்ன லாபம்?

நம் பக்கத்தில் வரும் பெரிய ஆபத்து வேறு. கோயில் மேடைகளில் ‘எல்லா மதமும் ஒன்றே சொல்கிறது’ என்று முடித்துவிடும் பழக்கம். கேட்க இனிமை, எண்ணும்போது அது ‘நல்லவிதம்’ என்று விழும். ஆனால் சிலுவைச் சாவு கிறிஸ்தவனுக்கு ஏன் உயிர்நாடி, தொழுகை ஏன் ஐந்து வேளை என்று ஒரு தகவலும் அதில் இல்லை. எண்ணுபவர் இதற்கென்று ‘வெற்றுப் புகழ்’ என்று ஒரு வகையைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

கடிதம் மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: புத்தகத்தின் தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் பதிப்பாளர் முகவரிக்கு, பள்ளி ஆளுகைக் குழுவுக்கு, மாகாணக் கல்வித் துறையில் பாடநூல் பார்ப்பவர்களுக்கு. அச்சாகிக் கிடங்கில் இருக்கும் பிரதியில் யாரும் கைவைக்க மாட்டார்கள். திருத்தம் ஏறுவது அடுத்த மறுபதிப்பில்தான். அதனால் அந்தப் பின்பக்கத்திலேயே எத்தனையாவது அச்சு, எந்த ஆண்டு என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.